மணலில் தங்கிய நீரும் மலையில் தங்கிய நீரும்: ஊவாவை முன்வைத்து ஒரு விளக்கம்

பெற்றோலிய எண்ணெய் நிலத்தின் கீழ் ஓர் ஏரியைப் போலத் தேங்கிக் கிடக்கின்றது என்ற எண்ணம் கற்றோரிடையேயும் காணப்படுகின்றது. உண்மையில் எண்ணெய் மணற்பாறையின் நுண்துளைகளிலேயே உறைகின்றது. அத்துளைகளிலும் அது தனித்து உறைவதில்லை. அதற்கு மிக முன்னரே அங்கு குடிகொண்ட நீரும் உடனுறைகின்றது. எண்ணெய் கிணற்றை நோக்கிப் பாயும்போது இந்நீருக்கு நேர்வது யாது என்ற வினா, 1930களிலும் 1940களிலும் பெற்றோலியப் பொறியியலாளரின் ஆய்வுக்குரியதாயிற்று. இவ்வினாவுக்கும், இலங்கையின் ஊவா மாகாணத்தில் எல்ல, பண்டாரவளைப் பகுதிகளில் வற்றிப்போன கிணறுகளுக்கும் தொடர்பில்லை எனத் தோன்றலாம். ஊவாவில் எண்ணெய் இல்லை. அதன் பாறைகள் மணற்பாறைகளுமல்ல. எனினும் துளைகளுள்ளும் வெடிப்புகளுள்ளும் தங்கிய நீரை ஆளும் விதிகள் இரண்டிடத்தும் ஒன்றே. அவ்விதிகளை எளிய முறையில் விளக்குவதும், அவற்றின் துணைகொண்டு ஊவாவில் நிகழ்ந்தவற்றை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் பயில்வோராகிய எமக்கு இத்துறையில் என்ன அலுவல் என வினவப்படலாம். மலையகத் தமிழ் மக்களின் வழக்கில் 'பீலி' என்றொரு சொல் உண்டு. மலைச்சரிவில் ஊறி வரும் நீரைக் குழாய் வழியே விழவிடும் இடத்தை அது குறிக்கும். குடிநீர் எடுப்பதும், குளிப்பதும், துணி துவைப்பதும், ஊர்ச்செய்தி பேசுவதும் பீலிக்கரையிலேயே. சொற்களை ஆராய்வோர், அச்சொல் குறிக்கும் பொருள் அழிகின்றபோது வாளாவிருத்தல் பொருந்தாது.

1. நீர் தங்கும் விதம்

ஒரு கலத்தில் மணலையிட்டு, நீரை நிரப்பி, அடியிலுள்ள துளையைத் திறந்துவிடின் நீரில் ஒரு பகுதி வடிந்துவிடும். எவ்வளவு நேரம் காத்திருப்பினும் மணல் முற்றாக உலர்வதில்லை, ஈரமாகவே இருக்கும். வடிந்த நீர் புவியீர்ப்புக்கு உட்பட்டது. வடியாத நீர் மயிர்த்துளைமைக்கு உட்பட்டது. மணிகள் ஒன்றையொன்று தொடும் ஒடுங்கிய இடைகளில், நீரின் மேற்பரப்பிழுவிசை அதனைப் பற்றிப் பிடித்துக்கொள்கின்றது. துளை சிறிதாகச் சிறிதாகப் பிடி வலிதாகும். எனவே பருமணல் தன் நீரிற் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கின்றது. களிமண்ணோ தன் கனவளவில் ஏறத்தாழப் பாதியளவு நீரைக் கொண்டிருந்தும் எளிதில் ஒரு துளியையும் தருவதில்லை. நிலத்தில் நீர் எவ்வளவு உண்டு என்பதும், அதில் எவ்வளவு ஊறிவரும் என்பதும் இருவேறு கணக்குகள் என்பது இதனாற் பெறப்படும்.

எண்ணெய் மணல்களின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. அம்மணல்கள் பண்டைக் கடல்களிலும் ஆறுகளிலும் படிந்தவை. ஆதலின் முதலில் அவற்றின் துளைகள் யாவும் நீரால் நிறைந்திருந்தன. எண்ணெய் பிற்காலத்தில் வேறிடத்திலிருந்து பெயர்ந்து வந்தது. வந்த எண்ணெய் பெருந்துளைகளிலிருந்த நீரை வெளியேற்றி அங்கு அமர்ந்தது. சிறுதுளைகளிலும் மணிகளின் மேற்பரப்பிலும் ஒட்டிய நீரை அதனால் அகற்ற முடியவில்லை. எண்ணெய்ப் படிவுகளில் இவ்வாறு உடனுறையும் நீர் பற்றி 1938இல் சில்துய்ஸ் என்பவர் விரிவாக எழுதினார். துளைவெளிகளில் நீர் எவ்வாறு பரம்பி நிற்கின்றது என்பதற்கு 1941இல் லெவரெற் என்பவர் மயிர்த்துளைமை அடிப்படையில் விளக்கமளித்தார். நல்ல எண்ணெய் மணலிலும் துளைவெளியில் ஐந்திலொன்று அல்லது நான்கிலொன்று நீராயிருத்தல் இயல்பே. நுண்மணலில் அது மேலும் மிகும்.

2. எண்ணெய் பாயும்போது

இனி, கிணறு தோண்டப்பட்டு எண்ணெய் பாயத் தொடங்குகின்றது எனக் கொள்வோம். துளையூடகத்தில் பாய்மத்தின் ஓட்டம் அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதமாயிருக்கும் என்பதை, பிரான்சின் டிஜோன் நகரின் நீர் வழங்கலை ஆராய்ந்த டார்சி 1856இலேயே கண்டறிந்தார். அந்த விதிப்படி எண்ணெய் கிணற்றை நோக்கி நகர்கின்றது. அதன் பிசுக்குமை, அருகில் ஒட்டியிருக்கும் நீரையும் இழுத்துச் செல்ல முனைகின்றது. ஆனால் இவ்விழுவை, நீரைத் துளையுள் பற்றி வைத்திருக்கும் மயிர்த்துளை விசையோடு ஒப்பிடுமிடத்து மிகச் சிறியது; படிவின் உட்பகுதியில் அது ஆயிரத்திலொரு பங்கிலும் குறைந்ததாயிருக்கும். ஆதலால் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் பாய்ந்துகொண்டிருக்க, அதனருகிலேயே நீர் அசைவற்று நிற்கின்றது. துளைவெளியில் நான்கிலொரு பங்கு நீர் உடைய மணலிலிருந்து நீர் கலவாத எண்ணெய் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வாறு நிற்கும் நீர் செயலற்றதன்று. அது வழிகளை ஒடுக்குவதால் எண்ணெயின் ஓட்டத்தைக் குறைக்கின்றது. சிறுதுளைகளைத் தான் நிரப்பிக்கொள்வதால் எண்ணெய் பெருந்துளைகள் வழியே செல்ல நேர்கின்றது. நீரின் பிடி தளரும் சூழ்நிலைகளும் உள. கிணற்றின் அண்மையில் ஓட்டம் மிக விரைவாயின் சிறிதளவு நீர் பெயரலாம். எண்ணெயிலுள்ள பாரமான கூறுகள் மணிகளில் படிந்து, நீரை விரும்பிய மணலை எண்ணெயை விரும்பும் மணலாக மாற்றின், நீர் தன் பற்றுக்கோட்டை இழக்கும். உலர்ந்த வாயு நெடுநாள் பாயின் நீர் ஆவியாகி அதனோடு செல்லும். எனினும் பொதுவிதி யாதெனின், அயலிற் செல்லும் ஓட்டம் தங்கிய நீரை அடித்துச் செல்வதில்லை என்பதே.

அவ்வாறாயின் தங்கிய நீருக்குக் கேடு எதனால் விளைகின்றது? ஓட்டத்தினாலன்று, அவ்வோட்டம் தன் பின்னே விட்டுச்செல்லும் அழுத்தக் குறைவினாலேயே. நனைந்த துணியை ஊதி அதன் நீரை அகற்ற முடியாது. பிழிந்து அகற்ற முடியும். நிலமும் அத்தகையதே.

3. பாரம் சுமக்கும் நீர்

இந்தப் பிழிதலை விளக்கியவர் மண்பொறியியலின் தந்தை எனப்படும் டெர்சாகி. 1925இல் வெளிவந்த அவரது நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. நிலத்தின் எப்பகுதியிலும் மேலுள்ள மண்ணினதும் பாறையினதும் பாரத்தை இருவர் பகிர்ந்து சுமக்கின்றனர். ஒருவர் திண்மணிகள், மற்றவர் துளைகளிலுள்ள நீர். நீரின் அழுத்தம் குறையின் அது சுமந்த பங்கு மணிகளின் மேல் விழுகின்றது. மணிகள் நெருங்குகின்றன, துளைகள் சுருங்குகின்றன, நிலம் தாழ்கின்றது. களிமண் போன்ற படைகளில், எளிதில் வடியாத நீரும் இவ்வாறு நெரிக்கப்பட்டு மெல்ல மெல்ல வெளியேறும். நீரின் அழுத்தம் மிகுமாயின் இதன் மறுதலை நிகழும். மணிகளிடையேயான பிடி தளர்ந்து சரிவு நிலைகுலையும். ஒரே விதியின் இருமுகங்கள் இவை.

முதல் முகத்துக்கு எண்ணெய்த்தொழில் தந்த பெருஞ்சான்று அமெரிக்காவின் லோங் பீச் நகரிலுள்ள வில்மிங்டன் எண்ணெய்வயல். அங்கு எண்ணெய் எடுக்கப்பட்டதால் படிவின் அழுத்தம் வீழ்ந்து, சில பத்தாண்டுகளில் நிலம் ஏறத்தாழ 9 மீற்றர் தாழ்ந்தது. துறைமுகமும் கடற்படைத் தளமும் கடல்மட்டத்துக்குக் கீழாகும் நிலை தோன்றியபோது, 1950களின் இறுதியில் நீரை உட்செலுத்தி அழுத்தத்தை மீட்டனர். தாழ்வு நின்றது, தாழ்ந்த நிலம் முழுவதும் மீளவில்லை.

இது மென்மணலுக்கே உரியது, வன்பாறைக்கு இல்லை என்றொரு நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. அதனைத் தகர்த்தது 1978இல் சுவிற்சர்லாந்தில் நிகழ்ந்த சம்பவம். 1957இல் கட்டிமுடிக்கப்பட்டு இருபதாண்டுகள் குறையின்றி நின்ற சோசியே வளைவணை திடீரென அசையத் தொடங்கியது. அணையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில், றாவில் கணவாயின் கீழ் நெடுஞ்சாலை ஒன்றின் பொருட்டு ஆய்வுச் சுரங்கம் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. அச்சுரங்கம் பாறையின் வெடிப்புகளிலிருந்த நீரை வடித்தது; பாறை ஒடுங்கியது; அணையின் அடித்தளம் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் தாழ்ந்தது; அணையில் வெடிப்புகள் தோன்றின. 1990களில் நோர்வேயின் ஒஸ்லோ நகருக்கருகே ரொமெரிக்ஸ்போர்ட்டன் புகையிரதச் சுரங்கம் தோண்டப்பட்டபோதும் மேலேயிருந்த காட்டு ஏரிகளின் நீர்மட்டம் தாழ்ந்தது, வீடுகள் சேதமுற்றன. வன்பாறையும் தன் நீரை இழக்குமிடத்துத் தாழும் என்பது, எமது நாட்டில் உமா ஓயாச் சுரங்கம் தோண்டப்படுவதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்னரே உலகறிந்த செய்தியாயிருந்தது. இதனை மனங்கொண்டு ஊவாவுக்குத் திரும்புவோம்.

4. ஊவா மலைகளின் நீர்

ஊவாவின் மலைகள் தொன்மையான உருமாறிய பாறைகளாலானவை. கருங்கல் வகைகளோடு குவாட்சைற்றும் பளிங்குச் சுண்ணக்கற் பட்டைகளும் அவற்றிடையே உள. இப்பாறைகளின் திண்பகுதியில் நீர் தங்குவதற்கு இடம் அரிது. நீர் இரண்டிடங்களில் தங்குகின்றது. ஒன்று, பாறை சிதைந்து உண்டான களி கலந்த மண்போர்வை. மற்றொன்று, அதன் கீழுள்ள பாறையின் வெடிப்புகளும் பிளவுகளும் சுண்ணக்கல் கரைந்த இடைவெளிகளும். மழைநீரை மண்போர்வை கடற்பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றது. கிணறும் ஊற்றும் பீலியும் அக்கசிவில் வாழ்பவை.

இம்மலைகளுக்கு வடகீழ்ப் பருவக்காற்றும் அதனை அடுத்த இடைக்காலங்களும் மழை தருகின்றன. ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு வறண்ட காற்றாய் ஊவாவில் இறங்குகின்றது. இவ்வறண்ட காற்றே தேயிலைக் கொழுந்துக்குத் தனி மணத்தைத் தருகின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர்பெற்றது அதனாலேயே. கொழுந்து மணக்கும் அம்மாதங்களிலேயே பீலி மெலிகின்றது. அக்காலத்தில் பீலியில் விழுவது அன்றைய மழையன்று. மண்ணும் பாறையும் முந்திய பருவத்திலிருந்து சேமித்து வைத்த நீர். தங்கிய நீரின் அருமை மழைக்காலத்தில் விளங்காது, கோடையில் விளங்கும்.

இச்சேமிப்பு முதன்முறை குலைக்கப்பட்டது சுரங்கத்தினாலன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச்சட்டத்தின் பின்னர் மலைக்காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. காட்டு மண் உறிஞ்சிய மழையில் ஒரு பகுதி, வெற்றுச் சரிவில் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடத் தலைப்பட்டது. முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் உழைப்பாளியையும் மண்ணையும் ஒருசேர வறிதாக்குகின்றது என மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதற்றொகுதியில் காட்டினார். அவர் அதை எழுதிய காலத்தில் ஊவாவின் காடுகள் கோப்பித்தோட்டங்களாகிக்கொண்டிருந்தன. அவற்றில் உழைத்தோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர்.

5. உமா ஓயாச் சுரங்கம்

உமா ஓயா மகாவலி கங்கையின் கிளையாறு. வெலிமடைப் பகுதியினூடாகப் பாய்வது. அதன் நீரில் ஒரு பகுதியை மலையினூடே திருப்பி, தென்கிழக்கின் வறண்ட சமவெளிக்கு அளிப்பதும், வழியில் 120 மெகாவாற் மின்வலு பெறுவதுமே உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம். புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகள் கட்டப்பட்டன. டயரபாவிலிருந்து பண்டாரவளை, எல்லப் பகுதிகளின் கீழாக 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கம் கறந்தகொல்லைப் பக்கத்துக்கு நீரைக் கொண்டுசெல்கின்றது; அங்கு நிலத்தடி மின்னிலையம் அமைந்துள்ளது. ஈரானிய நிறுவனமொன்று கட்டுமானத்தை மேற்கொண்டது. இரு நாட்டுச் சனாதிபதிகளும் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திட்டத்தைத் திறந்துவைத்தனர்.

அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், 2014 டிசெம்பரில், துளையிடும் எந்திரம் நீர் நிறைந்த வெடிப்பு வலயமொன்றை ஊடறுத்தபோது சுரங்கத்துள் நீர் பெருகிப் பாய்ந்தது. 2017 ஏப்ரலில் இது மீண்டும் நிகழ்ந்தது. மேலே பண்டாரவளை, எல்லப் பகுதிகளில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஹீல் ஓயா போன்ற இடங்களில் பயிர்நிலங்கள் காய்ந்தன. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்புகள் ஏற்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. நீரூற்றருகே வாழ்ந்த மக்கள் பவுசரில் வரும் நீருக்குக் காத்து நின்றனர். 2017 ஜூனில் பண்டாரவளையில் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர்.

முற்கூறிய விதிகளைப் பொருத்திப் பார்ப்போமாயின் இந்நிகழ்ச்சிகளின் வரிசை தெளிவாகும். சுரங்கம் என்பது கிடையாகத் தோண்டப்பட்ட ஓர் ஆழ்கிணறு. வெடிப்புகளிலுள்ள நீர் மயிர்த்துளைப் பிடிக்குட்பட்டதன்று. திறந்த வழி கிடைத்ததும் அது விரைந்து வடிந்தது. வெடிப்புகளை நம்பிய ஊற்றுகள் ஆதலால் முதலில் ஓய்ந்தன. பின்னர், கீழே தாங்கலை இழந்த மண்போர்வையின் நீர்மட்டம் தாழ்ந்தது, கிணறுகள் வற்றின. இறுதியாக, களிப்படைகள் தம்முள் இறுகத் தங்கிய நீரையும் நெரிபட்டு இழந்து சுருங்கின. போர்வையின் தடிப்பு எங்கும் ஒன்றன்று. சுருக்கமும் எங்கும் ஒன்றாயிராது. வீட்டின் ஒரு மூலை மற்றதிலும் மிகுதியாகத் தாழுமிடத்துச் சுவர் வெடிக்கும். நீர் வற்றியதற்குப் பின், காலந்தாழ்த்தி வெடிப்புகள் தோன்றுதலும், சுரங்கத்துக்கு நேர்மேலே இல்லாத இல்லங்களும் சேதமுறுதலும் இவ்விதிக்கு முரணானவையல்ல, அதனால் எதிர்பார்க்கத்தக்கவை.

சீமெந்துக் குழம்பை உட்செலுத்தி வெடிப்புகளை அடைத்தலும் சுரங்கத்துக்கு உட்சுவர் இடுதலும் இதற்கான பரிகாரங்கள். நீர்மட்டம் ஓரளவு மீளக்கூடும். நெருங்கிய களி தன் பழைய துளைவெளியை முழுவதும் மீளப் பெறுவதில்லை. ஆதலின் தோண்டுமுன் வெடிப்பு வலயங்களைத் துளையிட்டு அறிதலும், அவற்றை முன்கூட்டியே அடைத்தலும், மேலுள்ள ஒவ்வொரு கிணற்றினதும் ஊற்றினதும் நீர்மட்டத்தைப் பதிந்து வைத்தலுமே அறிவுடைய செயல்களாகும். சேதம் நேர்ந்தபின் அளக்கத் தொடங்கின், முன்னர் எவ்வளவு இருந்தது என்பதற்குச் சான்று இராது. அச்சான்றின்மை எப்போதும் ஒரு தரப்புக்கே உதவும்.

6. நீர் மிகும்போது

விதியின் மறுமுகத்தையும் ஊவா கண்டுள்ளது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து லயங்களை மூடியது. தொடர்மழையால் சரிவின் மண்ணுள் நீரழுத்தம் மிகுந்து மணிகளின் பிடி தளர்வதே இத்தகைய மண்சரிவுகளின் பொறிமுறை. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையை அறிந்தபின்னும் மக்கள் அங்கிருந்தமைக்குக் காரணம் அறியாமையன்று. பெயர்ந்து செல்ல நிலமோ வீடோ அவர்களுக்கு இல்லாமையே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் பெருமழை பதுளை மாவட்டத்தில் பல சரிவுகளைக் குலைத்தபோது இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது.

மீரியபெத்தை மண்சரிவுக்கும் சுரங்கத்தில் நீர் புகுந்தமைக்கும் இடையில் இரண்டு மாதங்களே. ஒரே மாவட்டத்தில், ஒரே பருவத்தில், ஓரிடத்தில் நீர் மிகுந்து மண் பெயர்ந்தது. மற்றோரிடத்தில் நீர் குறைந்து நிலம் தாழத் தொடங்கியது. முன்னது மழையினால், பின்னது துளைப்பினால். இரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். துளைநீரின் அழுத்தமே இரண்டிலும் நிலத்தின் நிலையை முடிவு செய்தது.

7. அறிவும் உடைமையும்

தென்கிழக்குச் சமவெளியின் உழவர்களுக்கு நீர் தேவை. நாட்டுக்கு மின்சாரம் தேவை. இவற்றை மறுப்பது எமது கருத்தன்று. ஆனால் ஒரு திட்டத்தின் கணக்கில் ஆற்றில் ஓடும் நீர் மட்டுமே நீராகவும், அணையில் தேங்கும் நீர் மட்டுமே செல்வமாகவும் கொள்ளப்பட்டு, மலையில் தங்கிய நீர் வெறுமையாகக் கருதப்படுமாயின் அக்கணக்கு குறையுடையது. எண்ணெய்ப் பொறியியலாளர் தம் மணலில் அசையாது நிற்கும் நீரையும் துளைவெளியின் விழுக்காடாகக் கணக்கிட்டனர். கணக்கிடாவிடின் எண்ணெயின் அளவு பிழைபடும், முதலீடு நட்டமடையும் என்பதனால். மலைக்கிணற்றின் நீர் அளக்கப்படாமை அறிவியலின் இயலாமையன்று; அதன் இழப்பு எவருடைய முதலீட்டையும் பாதிக்காமையின் விளைவு.

இழப்பீடும் இவ்வாறே. வீடுடையோர் வீட்டுக்கு இழப்பீடு கேட்கலாம். கிணறுடையோர் கிணற்றுக்குக் கேட்கலாம். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் மீளவும் தனியார் கம்பெனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. இம்மாற்றங்கள் எவற்றாலும் லயத்தில் வாழும் தொழிலாளிக்குத் தான் வாழும் அறையும் தான் நீர் எடுக்கும் பீலியும் பெரும்பாலும் உடைமையாகவில்லை. இழப்பு உடைமையால் அளக்கப்படுமிடத்து, உடைமையற்றோரின் இழப்பு பட்டியலில் ஏறுவது அரிது. தண்ணீருக்காக ஒரு பெண் நாளொன்றுக்குக் கூடுதலாக நடக்கும் தூரம் எந்தப் பத்திரத்திலும் பதிவாவதில்லை.

வள்ளுவர் கல்விக்கு மணற்கேணியை உவமையாக்கினார். தோண்டும் ஆழத்துக்கேற்ப நீர் ஊறும் என்ற அனுபவம் அவ்வுவமையின் அடிப்படை. கல்வியில் ஒருவர் ஆழத் தோண்டுவதால் அயலவர் கேணி வற்றுவதில்லை; நிலத்தில் வற்றும். பாறை வெடிப்புகளுக்குத் தோட்டத்து எல்லைக்கல்லும் தெரியாது, கிராமத்து வேலியும் தெரியாது. சிங்கள விவசாயியின் கிணற்றையும் தமிழ்த் தொழிலாளியின் பீலியையும் ஊட்டுவது ஒரே மலைநீர். தோட்டத்தையும் கிராமத்தையும் வெவ்வேறு உலகங்களாகப் பிரித்து வைத்த வரலாற்றின் கீழே, அவ்விருவரையும் இணைக்கும் இந்நீர் எப்போதும் இருந்து வந்துள்ளது. அதனை அளந்து பதியும் உரிமை அவ்விருவருக்கும் கூட்டாக வேண்டும். ஒரு கயிறும் ஓர் அளவுகோலும் ஒரு கொப்பியும் இருந்தால் தம் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் எவரும் குறித்து வைக்கலாம். ஒரு வாளியும் கடிகாரமும் இருந்தால் பீலியின் நீரை அளக்கலாம். எல்லத்திலிருந்து ஹப்புத்தளை வரையுள்ள பாடசாலைகள் இப்பணியை இன்றே தொடங்க முடியும். அடுத்த சுரங்கத்துக்கான திட்டம் மேசைக்கு வருமுன் அக்கொப்பிகள் நிறைந்திருத்தல் வேண்டும்.